ஒன்பது மாத முடி

ஆரணி,
வெள்ளிக்கிழமை

என்னங்க,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நமக்குப் பெண் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு கிலோகூட இல்லாததால் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

கர்ப்பிணிகளின் கவலை குழந்தையைப் பாதிக்கிறதா என்று ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டார். பெங்களூர் தறி வேலையிலிருந்து மாதாமாதம் நீங்கள் வருவதாகவும், எனக்கொரு குறையும் இல்லை என்றும் சொன்னேன். அவர் என் பின்தலையில் கொஞ்சம் முடி வெட்டிக்கொண்டார்.

"நீ சொல்லாட்டியும் பரவாயில்லம்மா. கவலைப்பட்டா உடம்புல சுரக்கிறது வளர்ற முடியில தங்கிடும். ஒம்பது மாசத்துக் கவலையும் இந்த முடியில தெரிஞ்சிடும்" என்றார்.

குழந்தை பிறக்கும்வரை புருஷன் முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, அதுதான் வழக்கம் என்று நீங்களே சொல்லிவிட்டுப் போனீர்கள். ஏழாம் மாதம் உங்கள் தம்பி காட்டிய போட்டோவில் புதுக் கிராப்போடு சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

பெண் பிறந்துவிட்டாள். இனி தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா