நானூறு ரைடு

அல்லிநகரம்
28.4.2025

அன்புள்ள மாரிக்கு,

இவாஞ்சலின் எழுதுகிறேன். கர்த்தர் தயவில் இங்கே மூவரும் சுகம். உன் இடது முட்டி எப்படி இருக்கிறது? கம்பம் முகாமில் முதல் நாளே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள் என்று சொன்னாயே, அதனால்தான் கடிதம். எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது.

நேற்று பழனிசெட்டிபட்டி கல்யாண மண்டபத்தில் கபடி அணிகளுக்குப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்தபோது நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மற்ற பிள்ளைகளோடு நீ மேடையில் நின்றாய். பி.இ.டி. மிஸ்ஸுக்கு உதவியாக ஸ்கோர் தாள்களை வைத்துக்கொண்டு நான் அணிக்காரர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன். அவர்கள் பேசியது உனக்குக் கேட்டிருக்காது.

விசில் மாட்டிய ஒரு ஆள் உங்கள் ஒவ்வொருவரின் கெண்டைக்காலையும் அமுக்கிப் பார்த்தாரே, பார்த்து முடித்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்காததுதான் பாக்கி.

குலுக்கலில் முதல் சீட்டு, முதல் ஆளை எடுக்கும் உரிமை, கம்பம் அணிக்கு, அதுதான் உங்கள் முதலாளி திராட்சை மண்டி ராஜமணிக்கு விழுந்தது. அப்போது போடி அணிக்காரர் அவரிடம் குனிந்து சொன்னார்: “ரைடருக்குப் போயி முதல் சீட்டக் குடுக்காதீகண்ணே. அது வாழை. ஒரு தாரு போட்டா வெட்டிச் சாய்க்க வேண்டியதுதேன். கார்னர்ல நிக்கிற பிள்ளைய எடுங்க. தென்னையாட்டம் நின்னு காய்க்கும்.”

ராஜமணி சிரித்தார். “டிக்கெட்டு வாங்குறவன் யாரப் பாக்க வர்றான்? காலப் பிடிக்கிறவளையா? ஒரு தாரு போதும்யா. அடுத்து வேற கன்னு வச்சுக்கிருவோம்.”

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து மைக்கில் உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கையில் தாள்கள் இருந்ததால் நான் தட்டவில்லை. இல்லாவிட்டாலும் தட்டியிருக்க மாட்டேன்.

இதுவரை ஐந்து முறை இந்தப் பள்ளத்தாக்குக் கோப்பை நடந்திருக்கிறது. ஐந்து முறையும் முதல் சீட்டில் போனவள், உன்னைப் போல் பாடிப் போகிற ரைடர்தான். மிஸ்ஸின் பழைய தாள்களை எல்லாம் எண்ணிவிட்டேன். பள்ளி ஆட்டங்களையும் கோப்பை ஆட்டங்களையும் சேர்த்து, அந்த ஐவரும் நானூறு ரைடை நெருங்கியதும் காணாமல் போகிறார்கள். கார்னர் பிள்ளைகள் இன்னும் ஆடுகிறார்கள். முதல் சீட்டு உனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைக்காதே. அந்தச் சீட்டுக்குப் பலன் எடுத்தாக வேண்டும் என்று உன்னை ஓட்டியே தீர்ப்பார்கள். இரண்டு சீசனுக்கு வேறு எங்கேயும் போகவும் முடியாது.

யோசி. இன்னும் கையெழுத்துப் போடவில்லை அல்லவா?

என்றும் உன்,
இவா


கம்பம்
6.5.2025

அன்புள்ள இவாவுக்கு,

கையெழுத்துப் போட்டாயிற்று. உன் கடிதம் வந்தது அதற்கு மறுநாள். முன்னால் வந்திருந்தாலும் போட்டிருப்பேன், அதனால் வருத்தப்படாதே.

வாழை என்று சொன்னார்களா? எங்கப்பா இருபது வருடமாக வாழைத்தார் சுமக்கிறார். வாழையைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஜெயமங்கலம் பஸ் ஸ்டாப்பில் என் படம் போட்ட ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். “உங்கப்பா கடைக்குப் போறேன்னு போயி அங்கன நின்னு அதையே பாத்துக்கிட்டிருக்காக”ன்னு அம்மா முகாம் போனில் சொல்லிச் சிரித்தது. இரண்டு சீசன் ஆடினால் கல்லூரியில் விளையாட்டு கோட்டாவில் சீட்டு வாங்கித் தருவதாக ராஜமணி சார் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கார்னரில் எடுத்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பேச்சே இல்லை. உன் நோட்டில் இதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறாயா, படிப்ஸ்?

இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. தினமும் முட்டை. கழிப்பறை மட்டும் வாயில் சொல்ல முடியாது. பதினாறு பேருக்கு ஒன்று, தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று பாட்டுப் பாட வேண்டும்.

முட்டி திரும்பும்போது கடக் என்கிறது. வலி இல்லை. பயப்படாதே.

உன்,
மாரி


அல்லிநகரம்
14.5.2025

அன்புள்ள மாரிக்கு,

நல்ல செய்தி. நிதானமாக உட்கார்ந்து படி.

கடக் என்று நீ எழுதியதைப் படித்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஐவரின் கணக்கையும் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன். உன்னுடையதையும் எழுதினேன், இதுவரை இருநூற்று அறுபத்திரண்டு. கூடவே ராஜமணி அவர்களுக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம். ரைடரை முதல் சீட்டில் எடுப்பது ஏன் தவறு, எடுத்தபின் ஏன் அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தேன். ஓரிடத்திலும் மரியாதைக் குறைவாக எழுதவில்லை. பில் புத்தகம் வாங்க அவர் எங்கள் அப்பாவின் கடைக்கு வந்தபோது என் கையாலேயே கொடுத்தேன்.

அவர் அங்கேயே நின்று படித்தார். கடிதத்தை மடித்துவிட்டார். கட்டம் போட்ட தாளை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். “நல்ல வேலை பாத்திருக்க தாயி. எங்க கோச்சுக்கு இந்தப் புத்தி இல்லயே. இனிமே ஒவ்வொரு ரைடையும் எண்ணச் சொல்றேன்” என்றார். மறுநாளே ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வீட்டுக்கு வந்தது. அம்மா பாதியைச் சபைக்குக் கொடுத்தார்கள். மீதியை நாங்கள் சாப்பிட்டோம். நான்தான் நிறையச் சாப்பிட்டேன்.

எண்ண ஆரம்பித்தால் குறைப்பார்கள், மாரி. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

என்றும் உன்,
இவா


கம்பம்
25.5.2025

இவாவுக்கு,

குறைக்கவில்லை.

நீ கொடுத்த தாளை நகல் எடுத்து, உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கோச் விளக்கினார். “நானூறு வரைக்கும் தாங்கும்னு இதுல போட்டிருக்கு. இவ இருநூத்தி அறுபத்திரெண்டுல நிக்கிறா. மிச்சம் நூத்தி முப்பத்தெட்டு. ஏழு மேட்சு. மேட்சுக்கு இருபது. அடுத்த சீசனுக்கு எப்படியும் இவ இருக்க மாட்டா. வச்சிருந்து என்ன செய்ய?”

என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னார். லாரி டயரைப் பற்றிச் சொல்வதுபோல.

மூன்று மேட்ச் முடிந்தது. மூன்றிலும் இருபது. நேற்று பதினைந்து புள்ளி முன்னிலையில் இருந்தோம், நான் உட்காரலாமா என்று கேட்டேன். “இன்னும் நாலு பாக்கி இருக்குல்ல” என்றார். இப்போது மேட்சுக்கு முன்னால் முட்டியில் ஊசி போடுகிறார்கள். போடுகிறவர் டாக்டரா என்று தெரியவில்லை. ஊசி போட்ட பிறகு கால் என்னுடையதாக இல்லை.

தாளை எடுத்துவிடச் சொல். நீ சொன்னால்தான் கேட்பார்கள். நான் சொன்னால் சோம்பேறித்தனம் என்கிறார்கள்.

மாரி


அல்லிநகரம்
2.6.2025

அன்புள்ள மாரிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அப்பாவுடன் கம்பம் மண்டிக்கு வந்தேன். அழுகின திராட்சையை ஒரு பக்கம் தள்ளிவைத்திருந்தார்கள், அதில் ஈ அடைந்திருந்தது. அதற்கு நடுவில் நாற்காலி போட்டு ராஜமணி உட்கார்ந்திருந்தார். தாளைக் கொடுங்கள், அது ஓய்வு கொடுப்பதற்காக எழுதியது என்றேன்.

“ரைடர் முதல் சீட்டுக்குப் பெறுமான்னு கேட்டிருந்தீல்ல? பெறும் தாயி. எம்புட்டு ஓட்டலாம்னு தெரிஞ்சா பெறும். அது இம்புட்டு நாளாத் தெரியாமக் கெடந்துச்சு. நீதேன் கண்டுபிடிச்ச” என்றார். பக்கத்தில் இருந்தவரிடம், “படிக்கிற பிள்ளை” என்று பெருமையாகச் சொல்லி, அப்பாவிடம் இன்னொரு பெட்டியை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. ராஜமணி கெட்டவர் மாதிரி பேசியிருந்தால்கூட எனக்குத் தேவலை. உண்மையாகவே என்னைப் பாராட்டினார்.

நேற்று உன் ஐந்தாவது மேட்சில் மைதானத்தில் நான் இருந்தேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. ஒன்பதாவது ரைடில் இரண்டு பேர் உன் இடுப்பைப் பிடித்தபோது உன் கால் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றது. அந்தச் சத்தம் மூன்றாம் வரிசை வரை கேட்டது. அந்த நேரத்திலும் என் மனம் முன்னூற்று ஐம்பத்தொன்று என்றது. தானாகவே சொன்னது. அப்போது எனக்கு என்மீதே வந்த அருவருப்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக உன் அம்மா சொன்னார்கள். உன்னைப் பார்க்க வரலாமா? வீட்டுக்குப் போன பிறகு என்றாலும் சரி. உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இவா


ஜெயமங்கலம்
15.6.2025

இவாஞ்சலினுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். முட்டிக்குள் ஒரு நார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். காப்பீட்டு அட்டையில் பார்த்துக்கொள்ளலாமாம். ராஜமணி சார் வரவில்லை. ஆள் அனுப்பியிருந்தார். ஜெர்சியைத் துவைத்துக் கொடுத்துவிடச் சொன்னாராம். அம்மா அதைத் துவைக்காமல் சுருட்டி அந்த ஆள் கையில் கொடுத்தது. கல்லூரி சீட்டைப் பற்றி அப்பா கேட்டதற்கு, “ரெண்டு சீசன்னுதானே பேச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் என் வார்டு நர்ஸ் யார் தெரியுமா? கிருபாவதி அக்கா. உன் கட்டத்தில் மூன்றாவது பெயர். முன்னூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றுபோனவர். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறுகிறார். முட்டி எப்படிக்கா சரியாச்சு என்று கேட்டேன்.

“எந்த முட்டிடி? எனக்கு நர்சிங் சீட்டுக் கெடச்சுச்சு, போயிட்டேன்” என்றார்.

மற்ற நால்வரைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி கல்யாணமாகிக் குமுளி போய்விட்டாளாம். ஒருத்தி, அம்மா இறந்ததும் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். இரண்டு பேருக்குத்தான் கால் போனது. ஒருத்திக்கு நூற்றுச் சொச்சத்திலேயே போய்விட்டதாம், வலியோடு மீதியையும் ஆடியிருக்கிறாள். நானூறு என்று ஒன்று இல்லவே இல்லை, இவா. நீ அதை எழுதிக் கொடுத்தாய், அவர்கள் அதுவரை தாங்கும் என்று என்னை ஓட்டினார்கள்.

ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நாலு பேர் தேனியில் இருந்து ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் போகிற தூரத்தில். நீ ஒருத்தியிடமாவது கேட்டிருக்கலாம். என்னிடமாவது கேட்டிருக்கலாம், கொடுக்கட்டுமா என்று.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் அதைத்தான் சொல்கிறது, நீ வந்தால் சோறு போட்டு அனுப்ப வேண்டும் என்கிறது.

ஆனால் இப்போது வராதே. நீ வந்தால் அழுவாய். நீ அழுதால் பரவாயில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அது இப்போது எனக்கு வராது.

இப்படிக்கு,
ஈ. மாரீஸ்வரி