கடை நூலும் மூன்று ஈயக்குண்டும்

மச்சாள்,

நீரும் கள்ளிதான்! வியாழக்கிழமை காலையிலிருந்து இதைச் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். நேற்று வேறொன்றும் நடந்துவிட்டது. இனியும் பொறுக்க முடியாது, உமக்கே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அலுமாரிக்கு மேலே இருக்கிற எங்கள் விளையாட்டுப் படகைத் தூசு தட்ட எடுத்தேன். கறுப்புக் குடைச்சீலையில் பாய் கட்டிய படகு, பீச்சில் கோர்டனின் மரப் படகை வென்ற அதே படகு. கையில் சரித்தபோது அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். படகு சாயாமல் ஓடுவதற்காக ஒரு சின்ன ஷாம்பூ போத்தலில் மணல் நிரப்பி அடியில் கட்டியிருந்தீர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மணல் டொக் என்னாதே. மூடியைத் திருகினேன். காய்ந்த மணல் மேசையில் கொட்டியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மூன்று ஈயக்குண்டுகள் விழுந்தன. தூண்டிலில் கட்டுகிற குண்டுகள், புத்தம் புதியவை. ஒன்றில் கடையின் விலை ஸ்ரிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது.

குசினித் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், மச்சாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டிவந்தது. கடையில் வாங்கியது எதுவும் படகில் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டது நீர் அல்லவா?

என் அண்ணையைக் கட்டி இருபது வருஷமாகியும், கலியாண வீடுகளில் சுகம் விசாரிப்பதோடு சரி நாங்கள். நீர் ஒஷாவாவில், நான் மில்லிக்கனில். இருவருக்கும் சீனி வருத்தம் வந்து, நடக்கச் சொல்லி டொக்டர்மார் வெருட்டிய பிறகுதானே சனிக்கிழமை காலைகளில் ஏரிக்கரையில், புளஃபர்ஸ் பார்க் பீச்சில் சந்திக்கத் தொடங்கினோம். முதல் நாள் நான் வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் நீர் ஐம்பது அடி பின்னால் குந்தியிருக்கிறீர். கையில் மிதவை ஒன்றிலிருந்து உடைந்த வெள்ளை ரெஜிபோம் துண்டு.

"உது நல்ல சாமான். ஏன் விட்டிட்டுப் போறீர்?" என்றீர்.

அன்று நாங்கள் நடக்கவேயில்லை. உடைந்த தூண்டில் தடி, கோப்பிக் கோப்பை மூடிகள், அறுந்த பட்டத்து நூல், லைட்டர்கள், யாரோ காற்றில் பறிகொடுத்த குடை. நீர் கார் பாகங்கள் செய்யும் ஃபக்டரியில் பரிசோதகர். ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்து உருட்டிப் பார்த்து, இது பாஸ், இது பெயில் என்று இரண்டு பைகளில் போட்டீர். பெயிலானது குப்பைத் தொட்டிக்கு, பாஸானது படகுக்கு. அடுத்த கிழமை ரெஜிபோமைப் படகாகச் செதுக்கிக்கொண்டு வந்து, பாய் தைப்பது என் வேலை என்றீர். உடுப்புத் திருத்துகிற கடையில் வேலை செய்பவளிடம் வேறு யாரிடம் கேட்பீர்.

சட்டம் வந்தது அந்த நாய்க்காரப் பெண்ணால். எங்கள் முதல் படகைப் பார்த்து, இது முழுக்கக் குப்பையிலா செய்தது என்று அவள் வாய் பிளந்தாள். ஒவ்வொரு துண்டும் என்று நீர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர். அவள் போனதும் என் பக்கம் திரும்பினீர். பாயின் தையலை நகத்தால் கீறிப் பார்த்தீர்.

"இது கடை நூல். பிரிச்சுப்போடும்."

விளையாட்டுத்தானே என்றேன். "நான் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு துண்டும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றீர். கார்த் தரிப்பிடத்தில் குளிரில் இருந்து முழுப் பாயையும் பிரித்தேன். பட்டத்து நூலைப் புரி புரியாகப் பிரித்து, பல்லால் நறுக்கித் திரும்பத் தைத்தேன். உம்மில் எனக்கு அப்படி ஒரு கோபம். அதற்குப் பிறகு வேறு யாரோடும் சனிக்கிழமையைக் கழிக்கப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

அந்தப் பாயில் படகு ஓடவில்லை, நினைவிருக்கிறதா? நான் மேசைவிரிப்பு மாதிரித் தட்டையாகத் தைத்திருந்தேன். பின்னாலிருந்து காற்றடித்தால் போகும். குறுக்கே அடித்தால் பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பிளை மாதிரி அசையாமல் நிற்கும். மூன்று கிழமை நீர் படகின் அடியைச் செதுக்கிச் செதுக்கி மெலிய வைத்தீர். பிழை உம்மில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது கடையில், ஒரு சாரிச் சட்டையைக் கையில் வைத்திருந்தபோது. நெஞ்சுப் பக்கம் துணி குவிந்து நிற்க, கூராக மடிப்புப் பிடித்துத் தைப்போமே, அந்த மடிப்பு! தட்டைத் துணிக்கு வயிறு கொடுப்பதுதானே என் தொழில்? அந்தக் கிழமை குடைச்சீலையை வெட்டி, பாய்மரத்தின் பக்கம் இரண்டு மடிப்புப் பிடித்தேன். தண்ணீரில் விட்டதும் பாய் புடைத்தது, படகு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து ஓடியது. நீர் சப்பாத்தோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி அதன் பின்னால் ஓடினீர். "ஓடுதப்பா, ஓடுது" என்று அழுதீர். நானும் அழுதேன். ஏப்ரல் மாதத்துத் தண்ணீர், கால் விறைத்தது உமக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கோர்டன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற வாத்தியார், தானே இழைத்த மரப் படகை ஒவ்வொரு சனியும் அலைதடுப்பு அணைக்கு உட்புறத்துத் தண்ணீரில் விடுகிறவர். குப்பையால் தன் படகை வெல்ல முடியுமா என்று அவர் சிரிக்க, நீர் பந்தயம் கட்டிவிட்டீர். உங்கள் படகில் வாங்கிய பொருள் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார். நீர் அவமானப்பட்டது போல அவரைப் பார்த்தீர். தோற்றால் அவர் ஒரு வருஷம் எங்களோடு பீச்சில் குப்பை பொறுக்க வேண்டும். நாங்கள் தோற்றால் அவர் படகுக்கு நான் பாய் தைத்துக் கொடுக்க வேண்டும்.

இனி என் பாவத்தைக் கேளும். போட்டிக்குக் கால்மணி நேரம் இருக்க, காருக்குள் வைத்து மடிப்பைச் சரிபார்த்தேன். பட்டத்து நூல் அறுந்து கையோடு வந்தது. வெளியே நீரும் கோர்டனும் காற்று எந்தப் பக்கம் என்று வாதாடிக்கொண்டிருந்தீர்கள். என் கைப்பையில் கடை நூல்கட்டை இருந்தது. அதுவும் கறுப்பு. ஐந்து நிமிஷத்தில் தைத்துவிட்டேன். நீர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படகை முழுக்கப் பார்த்தீர், பாயைத் தடவினீர், பாஸ் என்றீர். படகு வென்றது. ஒரு முழம் வித்தியாசத்தில். நீர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியபோது நான் கைப்பையை இறுக மூடிப் பிடித்திருந்தேன்.

ஃபக்டரியில் தலைமயிர் அளவு கீறலைப் பிடிக்கிற கண் அன்று எப்படித் தவறியது என்று இரண்டு வருஷம் யோசித்தேன். சேர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வோமா என்றுகூட நினைத்து, சுவாமியார் சிரித்துவிடுவார் என்று விட்டேன். நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உம்மிடம் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். நீர் படுத்தபடியே, "எங்கட போட்டை மட்டும் உடைச்சுப்போடாதையும்" என்றீர். அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? நினைவுக்காக வைத்திருக்கச் சொல்கிறீர் என்று நினைத்தேன். ஈயத்தை ஒளிக்கத்தான் என்று வியாழக்கிழமைதானே விளங்கியது. அன்று நீர் நூலைக் கண்டீரா, மச்சாள்? கண்டும், அடியில் இருந்த ஈயத்தை நினைத்து விட்டுவிட்டீரா? இதற்குப் பதில் கிடைக்காது என்பதுதான் உம்மில் எனக்குள்ள ஒரே கோபம்.

கோர்டனின் ஒரு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னமும் வருகிறார். வாளியும் கிடுக்கியுமாக எனக்கு முன்னால் வந்து நிற்பார். உம்முடைய செத்தவீட்டில் அண்ணையின் கையைப் பிடித்து, இப்படி நேர்மையான எதிராளியைத் தான் கண்டதில்லை என்று சொன்ன மனுஷன். அவரை இனியும் ஏமாற்ற என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடை நூலைப் பிரித்து, பட்டத்து நூலை மூன்றாய்த் திரித்துத் தைத்தேன். போத்தலில் மணலை மட்டும் நிரப்பினேன். மூன்று குண்டுகளையும் அவருக்குக் காட்டவென்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேற்றுப் போனேன்.

முதலில் நூலைச் சொன்னேன். அவர் கிடுக்கியை மணலில் ஊன்றினார். பிறகு, அப்படியானால் திரும்ப ஓட வேண்டும், இப்போதே, என்றார். காரிலிருந்து மரப் படகை எடுத்துவந்தார்.

என்ன ஓட்டம் அது! எங்கள் படகு சரிந்தது, பாய் நுனி தண்ணீரைத் தொட்டது, போச்சு என்று கண்ணை மூடினேன், திறந்தால் நிமிர்ந்து ஓடுகிறது. மடிப்புகள் பிரியவில்லை. நான் கரையோடு ஓடினேன், கத்தினேன், ஒரு குழந்தை தள்ளுவண்டியிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தியது. இரண்டு சாண் தூரத்தில் தோற்றோம். தோற்றும் எனக்கு மூச்சு முட்டுகிற சந்தோஷம், மச்சாள். அவ்வளவு தூரம் குப்பை மட்டுமே ஓடியிருக்கிறது!

கோர்டன் படகைத் தூக்கிப் பார்த்தார். போன தரம் இப்படிச் சரியவில்லையே என்றார். என் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. குண்டுகள் விரலில் குளிர்ந்தன. மணல் காய்ந்து பாரம் குறைந்துவிட்டது என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, நூல் விஷயம் உமக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன். தெரிந்திருந்தால் முழுப் பாயையும் பிரிக்க வைத்திருப்பீர் என்றேன். நீர் போன பிறகு முதல்தடவையாக அவர் உம்மை நினைத்துச் சிரித்தார். "அப்படித்தான் செய்திருப்பா, அவவை யாராலும் ஏமாற்ற முடியாது, உம்மைத் தவிர" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

இனி பீச்சில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லப்போகிறார். சொல்லட்டும். உம்முடைய பங்குக்கும் சேர்த்து நானே கள்ளியாக இருந்துகொள்கிறேன், மச்சாள்.