நன்மைகள் ஐந்து

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வயிறு எரியும்போது நலம் விசாரிக்க எனக்கு வராது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளி இறுதித் தேர்வு, வரலாற்றுத் தாள், பத்து மதிப்பெண் கேள்வி: 'இரண்டாம் உலகப் போரின் நன்மை தீமைகளை எழுதுக.' எந்தப் புண்ணியவான் கேட்டானோ! விடைக்குறிப்பு அதைவிட மோசம். நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, பாயிண்டுக்கு ஒரு மதிப்பெண். நன்மைகளில் நாலாவது, 'மக்கள் தொகை குறைந்தது.' அக்கா, செத்தவர்களை நன்மையில் சேர்த்திருக்கிறார்கள்! இனப்படுகொலை எங்கே என்று தேடினால், தீமைகளில் கடைசி, 'சொத்துச் சேதம்' என்பதற்கும் கீழே.

இந்தப் பாடத்துக்கு என் பிள்ளைகளை ஆளுக்கொரு பை கொண்டுவரச் சொன்னேன். உடனே வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் எதை எடுப்பீர்களோ, அதை மட்டும் வைத்துக் கொண்டுவாருங்கள் என்றேன். நாஜிகள் யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றியபோது பெட்டியில் பெயர் எழுதச் சொன்னார்கள் அல்லவா? பிள்ளைகளையும் சாக்பீஸால் எழுதச் சொன்னேன். 'தொணதொணப்பு' என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி இருக்கிறாள், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். அவள் எழுந்து, "பேரு எழுதச் சொன்னா, திருப்பித் தருவாங்கன்னுதானே டீச்சர் நம்பியிருப்பாங்க?" என்றாள். அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

அவள்தான் தேர்வில் 'நன்மைகள்' என்று தலைப்புப் போட்டு, கீழே 'எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஐந்து மதிப்பெண் போய், மூன்றே மதிப்பெண் குறைந்து பெயில். நர்சிங்கில் இடம் கிடைத்து, புதுச் செருப்பு முதற்கொண்டு வாங்கி வைத்திருந்த பிள்ளை.

நீ முதன்மைத் தேர்வாளர். அந்த நாலாவது பாயிண்டை அடித்துவிட்டு, இவளுக்கு மதிப்பெண் போடச் சொல். உன்னால் முடியும்.

கோபத்துடன்,
சின்னவள்

ஜூன் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான், "உன் தங்கச்சி பேனாவில மிளகாப்பொடி போட்டு எழுதுறாளா?" என்று கேட்டார்.

நீ திட்டிய புண்ணியவான் நான்தான். கேள்வியும் என்னுடையது, விடைக்குறிப்பும் என்னுடையது. முந்தின வருடம் ரயில், போன வருடம் அணை, இந்த வருடம் போர். எல்லாவற்றுக்கும் நன்மை ஐந்து, தீமை ஐந்து. பழைய கைடில் இருப்பதைத்தான் போட்டேன். நாமும் அதைப் படித்துத்தானே தேறினோம்? நான் என்ன கொலையா செய்தேன்? பாயிண்டு எழுதினேன், அவ்வளவுதான்.

ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் அதை எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. இப்போது அடித்தால் பெற்றவர்கள் என் கதவை உடைப்பார்கள். அவளை மறுதேர்வு எழுதச் சொல், அதிலும் இதே கேள்விதான். கைடில் உள்ளதை அப்படியே ஒப்பித்துவிட்டு வரட்டும். ஒரு வரியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

நேரத்துக்குச் சாப்பிடு. விடுமுறைக்கு வா.

அன்புடன்,
அக்கா

ஜூன் 20

அக்கா,

நீயா?

பாயிண்டுதான் எழுதினேன் என்கிறாய். நான் நடத்தும் அந்தப் பாடத்தில் வருகிற கொலைகாரர்களில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மேசையில் உட்கார்ந்து எழுதினவர்கள்தான். அணைக்கும் பிணத்துக்கும் ஒரே அச்சு போதும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

மதிப்பெண் போனால் போகட்டும். மறுதேர்வுக்கு முன்னால் அந்தக் கேள்வியை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். பொய் எழுது என்று அவளிடம் சொல்ல என் வாய் வராது. "எங்கக்கா மாத்திடுவாங்க, நீ பயப்படாத" என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

சின்னவள்

ஆகஸ்ட் 9

முதன்மைத் தேர்வாளர் அவர்களுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மறுதேர்வில் அதே கேள்வி வந்தது.

என் மாணவி தேறிவிட்டாள். நேற்று ஆசிரியர் அறைக்கு மிட்டாய் கொண்டுவந்தாள். அவளாகவே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அஞ்சும் எழுதிட்டேன் டீச்சர். நாலாவது எழுத கையே வரல. அப்பா வெளிய வெயில்ல நிக்கிறது ஜன்னல்ல தெரிஞ்சுது. எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க டீச்சர்."

அவள் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? யாரிடம் கேட்க வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர்கள் எல்லாம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க, பதினேழு வயதுப் பிள்ளை என் முன்னால் தலை குனிந்து நின்றாள். வழக்கமாக நூறு கேள்வி கேட்பவள், ஒன்றுகூடக் கேட்காமல் போய்விட்டாள். அந்த மிட்டாய் பிரிக்காமல் மேசையிலேயே கிடக்கிறது.

விடுமுறைக்கு நான் வரவில்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அவள் நாளை நர்ஸாகி, முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து நாடி பார்ப்பாள். மனிதர்கள் செத்ததை நன்மை என்று எழுதிய கை அது. எழுத வைத்தது நீங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை