முட்டை வண்டியின் நெட்டை அலமாரி

கிம்லி, மனிடோபா
மே 3, 2010

ஓல்காவுக்கு நெஸ்டர் எழுதச் சொல்வது,

எண்ணெய் தீர்ந்துபோன பெரிய விமானம் ஒன்று பூனை மாதிரி சத்தமில்லாமல் நம் ஊர்ப் பழைய ஓடுபாதையில் வந்து இறங்கிய வருஷம். அதே வருஷம் வசந்தத்தில் உன் அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். அந்த ஓடுபாதையில் நடந்த கார்ப் பந்தயத்துக்கு நாம் எல்லோரும் போய்த் தங்கியிருந்தோம், என் தம்பி யூர்கோ பச்சைக் காரைப் பந்தயத்தில் விட்டு முதல் சுற்றிலேயே சக்கரத்தைக் கழற்றி விட்டான். அந்த 1983க்குப் பிறகு, காரில் மாட்டி இழுத்துப்போய் உள்ளே படுத்துத் தூங்குவோமே, முட்டை வடிவத்தில், அந்த நம் முட்டை வண்டி இந்த முற்றத்தை விட்டு நகரவில்லை. இப்போது நகரப் போகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே நான் உயிரோடும் முழங்கால் வலியோடும் இருக்கிறேன். அங்கே நீ வலி இல்லாமல் உயிரோடு இருக்க வேண்டும்.

நம் மருமகள் கொலீன் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஜூலை 10 அன்று தண்டர் பேயிலிருந்து வருகிறாள். லரிசாவுக்கு எட்டு முடிந்துவிட்டது, மார்க்கோவுக்கு ஐந்து. நம் பையன் ஒரேஸ்ட் இறந்துபோன பிறகு அவர்கள் எங்கேயும் போகவில்லையாம். வண்டியை இழுத்துக்கொண்டு ஹெக்லா தீவுக்குப் பன்னிரண்டு நாள் போகலாம், அப்பா படுத்த பலகையில்தான் படுப்பேன் என்று லரிசா போனில் சொன்னாள். நானும் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் போய் வண்டியைத் திறந்து பார்த்தேன். திறந்து என்று சொல்வது தப்பு. கதவு திறக்கவே இல்லை, உதைத்தேன்.

கீழ் ஓடு நன்றாக இருக்கிறது. மேல் ஓடுதான் கதவுப் பக்கம் தோள் தொங்கியவன் மாதிரி தொங்குகிறது. ஃபைபர் வண்டிக்கு உள்ளே எலும்பு கிடையாது என்பது உனக்குத் தெரியும். செல்கர்க்கில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிற ஆள் ஒருவனைக் கேட்டேன். "பெரியவரே, கதவுக்குப் பக்கத்துல ஒரு நெட்டை அலமாரி இருந்திருக்குமே, அது எங்க?" என்றான். பெண்டாட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். "அலமாரியவா? அதுதான்யா கூரையத் தாங்குற தூணு!" என்று சிரித்தான்.

1985இல் நீ வீட்டை விட்டுப் போனபோது எடுத்துப்போன அந்த அலமாரி இன்னும் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் உயரமாவது சொல்.

எழுதியது நூலகத்தில் வேலை பார்க்கும் சோல்வேய். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறாளாம்.

நெஸ்டர்


வினிபெக்
மே 12, 2010

நெஸ்டர்,

உன் பெயரோடு தபால் வந்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிரித்துப் பார்த்தால் அலமாரி! இருபத்தைந்து வருஷத்தில் முதல் கடிதம், அதில் ஓர் அலமாரி. மகனைப் புதைத்த அன்றைக்குக் குழிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். அன்றைக்கு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஓர் அலமாரி வேண்டியிருக்கிறது.

சோல்வேய், வணக்கம் அம்மா. இருபத்திரண்டு வருஷம் இந்த ஆளுக்காகக் கடிதம் எழுதியவள் நான். வரிக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதும்போது இவர் சொல்கிற கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டு எழுது. படிக்கும்போது இந்த வரியையும் சேர்த்துப் படி.

அலமாரி இருக்கிறது. நடையில் நிற்கிறது, என் குளிர்கால மேல்கோட்டுகள் அதில்தான். இங்கே மாடியில் கூரை சரிவு. நிற்கவில்லை என்று அடியில் நான்கு விரல் அளவு அறுத்துவிட்டேன். அது கூரையைத் தாங்குகிறது என்று எனக்குத் தெரியாது. வண்டியில் ஓர் ஓட்டை விழட்டும் என்றுதான் எடுத்தேன். வீட்டில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று பெரிய மனுஷன் மாதிரி நீ சொன்னாய். உனக்கு எது வலிக்கும் என்று பார்த்தேன்.

முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைத் தடவிக்கொண்டு இருக்காதே. வைத்தியரிடம் போ.

கொலீன் என்னிடமும் போனில் பேசினாள். லரிசா எதற்காக அந்தப் பலகையில் படுக்க வேண்டும் என்கிறாள் தெரியுமா? அங்கே படுத்துக்கொண்டு உன் வாயால் விமானக் கதையைக் கேட்க வேண்டுமாம். ஒரேஸ்ட் அவளைத் தூங்க வைக்கும்போதெல்லாம் சொல்வானாம்: "தலைக்கு மேல விமானம் வருது. எல்லாரும் அங்கயும் இங்கயும் ஓடுறாங்க. எங்கப்பா மட்டும் எனக்காக வண்டியப் பாத்து ஓடி வர்றாரு."

நீ ஓடியபோது நான் வழியில் நின்றிருந்தேன். உன் சட்டையைப் பிடித்து ஒன்று கேட்டேன். நீ கையை உதறிவிட்டு, ஓடிக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். உனக்கு எழுத்துத்தான் தெரியாது, எதுவும் மறக்காது என்று ஊரே சொல்லும். அந்த வார்த்தை என்ன என்று சொல். அலமாரியை அனுப்புகிறேன்.

ஓல்கா


கிம்லி
ஜூன் 1, 2010

ஓல்காவுக்கு,

உன் கடிதத்தை சோல்வேய் இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை நான் கேட்கவில்லை, அவளாகவே படித்தாள்.

உன் அலமாரி இல்லாமலே முடித்துவிடலாம் என்று இறங்கினேன். முதலில் தரை. பழைய பிளைவுட் நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது. புதிதாக அறுத்துப் போட்டு, ஓரத்தில் ஃபைபர் துணி வைத்து ரெசின் பசை பூசினேன். கொசு நூறு ஒட்டிக்கொண்டன. அவை இனி எங்கள் குடும்பம். பெட்ரோல் கடைக் கிழவன் வந்து பார்த்து, "நெஸ்டர், இதுக்குள்ள ஆளுங்க போறாங்களா, இல்ல முட்டை பொரிக்கப் போறியா?" என்றான். நீ உன் பல்செட்டைத் தேடிக்கொண்டு போ என்றேன்.

பிறகுதான் அந்த மடத்தனம். கதவு மூடவில்லை. கதவின் மேல்முனை இடிக்கிறது. எனக்குப் பொறுமை எப்போது இருந்தது? அரத்தை எடுத்தேன். இடிக்கிற இடத்தையெல்லாம் ராவினேன். இரண்டு நாள் ராவினேன். மூன்றாம் நாள் அழகாக மூடியது. அதற்கு அடுத்த நாள் வேலிக் கம்பம் ஒன்றைக் கொண்டுவந்து, கூரைக்கு ஜாக்கி வைத்து நிமிர்த்தினேன். கூரை நிமிர்ந்தது. வாசல் பழைய வடிவத்துக்கு வந்தது. கதவு சின்னதாகிவிட்டது! மேலே என் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வெளிச்சம். வளைந்திருந்தது கூரை, நான் அறுத்தது நேராக இருந்த கதவை. செல்கர்க் ஆளிடம் சொன்னேன். "எல்லாரும் இதத்தான் செய்றாங்க பெரியவரே, நீங்க ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல" என்றான்.

கம்பம் இப்போது வண்டிக்கு நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் போய் வர வேண்டும். மார்க்கோ முதல் நாளே முட்டிக்கொண்டு அழுவான்.

நீ கேட்டது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நீ பூப்போட்ட நீலக் கவுன் போட்டிருந்தாய். உன் அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வரெனிகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு உரித்தாள். யூர்கோ காருக்கு அடியில் கிடந்தான், பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பொழுது சாயவில்லை, வெயில் பக்கவாட்டில் அடித்தது. விமானத்தின் மூக்குச் சக்கரம் சரியாக இறங்கவில்லை, தரையில் உரசித் தீப்பொறி பறந்தது.

நீ கேட்ட வார்த்தை மட்டும்...

(இங்கே அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். பிறகு "போதும், கடிதத்தை மடி" என்றார். — சோல்வேய்)

நெஸ்டர்


வினிபெக்
ஜூன் 13, 2010

நெஸ்டர்,

கதவைப் படித்து நடையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். கீழ்வீட்டுக்காரி வந்து என்ன என்று கேட்டாள். கதவை அறுத்தான் என்றேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தேவாலயத்து வண்டி புதன்கிழமை கிம்லி முகாமுக்குச் சாமான் கொண்டுவருகிறது. அலமாரி அதில் வரும். நீ பதில் சொல்லாததற்காக அனுப்பாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். நேற்று லரிசா போனில் பேசினாள். "பாட்டி, தாத்தாவோட வண்டியில நடுவுல ஒரு மரம் முளைச்சிருக்காமே!" என்றாள். குழந்தை கம்பத்தில் இடித்துக்கொள்ள வேண்டாம். மேல்கோட்டுகளை நாற்காலியில் போட்டுவிட்டேன்.

இப்போது பண்டமாற்று எதுவும் இல்லை. அதனால் நேராகவே சொல்கிறேன். இதைப் படிக்கும்போது சோல்வேய் அங்கே இருக்கட்டும், எனக்குக் கவலை இல்லை.

நான் எதற்காகப் போனேன் என்று நீ ஊரில் என்னென்னவோ சொன்னாய். நகர ஆசை என்றாய், என் அக்காவின் பேச்சு என்றாய். நான் போனது நீ ஓடியதற்காக இல்லை. பயத்தில் யாரும் எங்கேயும் ஓடலாம். நானே அன்றைக்கு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். நான் போனது அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்துக்காக. ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் பையன் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, இன்னைக்குத்தானே என்னக் காப்பாத்துன?" என்பான். நீ அவன் தலையைத் தடவுவாய். தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பாய், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று. நான் திறக்கவில்லை. அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

பெரியவனான பிறகும் அவன் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் உனக்குப் போன் செய்வான் என்று கொலீன் சொன்னாள். எனக்குப் பிறந்தநாளுக்குச் செய்வான். நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தேன்.

லரிசாவிடம் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன்.

அலமாரியில் ரிவெட் ஆணி இருந்த துளைகளை மெழுகால் அடைத்திருக்கிறேன், எடுத்துவிடு.

ஓல்கா


கிம்லி
ஜூன் 27, 2010

ஓல்காவுக்கு,

அலமாரி வந்துவிட்டது. உன் சோப்பு வாசனை. அறுத்த நான்கு விரலுக்கு ஓக் கட்டை வைத்து, மேலே கூரையோடும் கீழே தரையோடும் பதினெட்டு ரிவெட் அடித்தேன். கம்பத்தைத் தட்டி எடுத்தபோது கூரை ஒரு மயிரிழை இறங்கி, அலமாரித் தலையில் உட்கார்ந்து, நின்றுவிட்டது. கதவில் நான் ராவித் தொலைத்த முனையை ரெசினும் துணியுமாக மறுபடி வளர்த்து, அரத்தால் ராவி, மூடிப் பார்த்தேன். மூடுகிறது. மழை பெய்து பார்த்தாயிற்று. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

வண்டி தயார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தில் நடக்கிறேன், வண்டிக்குள் ஏறி உட்காருகிறேன், இறங்குகிறேன். இன்னும் பதிமூன்று நாள்.

சோல்வேய், இனி நான் சொல்வதை நிறுத்தாமல் எழுது. பேனாவை வைக்காதே.

ஓல்கா, நீ என் சட்டையைப் பிடித்து, "நெஸ்டர், பையன் எங்க?" என்று கேட்டாய். நான் சொன்ன வார்த்தை, "தெரியாது."

எனக்குத் தெரியாது. அவன் யூர்கோவின் காருக்குப் பக்கத்தில் விளையாடுகிறான் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூடப் பொய், நான் அவனை நினைக்கவே இல்லை. விமானம் நேராக வண்டியின் மேலே வருகிற மாதிரி இருந்தது. வண்டியைக் காரில் மாட்டி இழுத்துவிடலாம் என்று ஓடினேன். கொக்கியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு குனிந்து நிற்கும்போதுதான் உள்ளே இருந்து "அப்பா" என்று சத்தம் வந்தது. களைத்துப்போய் எப்போதோ உள்ளே ஏறிப் படுத்துத் தூங்கியிருக்கிறான். கொக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்து அவனைத் தூக்கினேன். வெளியே வந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். விமானம் தூரத்தில் நின்றுவிட்டது. யூர்கோ காருக்கு அடியிலிருந்து எழுந்து, "பாத்தீங்களாடா! பெத்தவன்னா இவன்தான்டா!" என்று கத்தினான். கை தட்டினார்கள். பையன் என் காதில், "நான் இங்க இருக்கேன்னு உனக்கு எப்டிப்பா தெரியும்?" என்று கேட்டான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் அவன் தலையைத் தடவினேன்.

இருபத்தைந்து ஜூலையாகத் தடவினேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அதே கதையைச் செவிலிப் பெண்ணிடம் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

(அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நான்தான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். — சோல்வேய்)

இப்போது லரிசா அந்தப் பலகையில் படுத்துக்கொண்டு கேட்கப் போகிறாள். பழைய மாதிரி சொன்னால், நான் பேத்தியிடமும் திருடுகிறேன். நடந்ததைச் சொன்னால், அவளுடைய அப்பா அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனதை நான் அவள் கையிலிருந்து பிடுங்குகிறேன். செத்தவன் திரும்பி வந்து வேறொன்று கொடுக்க முடியாது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. கூரை வளைந்திருக்கிறதா, கதவு வளைந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாத ஆள் நான், உனக்குத் தெரியும்.

இதைத் தனியாக முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். உன் அம்மா போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. யூர்கோ போய் ஆறு வருஷம், கடைசிவரை என்னைப் பெத்தவன் என்றுதான் கூப்பிட்டான். ஒரேஸ்ட் போய் இரண்டு வருஷம். ஜூலை 10 காலையில் கொலீன் உன் தெரு வழியாகத்தான் வருகிறாள். காரில் முன் இருக்கை உனக்காகக் காலியாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வந்து, சொல் என்றால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். இந்த முறை நீ சொல்லித்தான் மூடுவேன். கேட்பதற்கு இனி மிச்சம் இருப்பது நீதான், ஓல்கா.