பூட்டின வீடு

அன்புள்ள அம்மாவுக்கு, திண்டிவனத்துலேர்ந்து மெர்லின். உன் முட்டிவலி எப்படி இருக்கு? புள்ளத்தாச்சி அக்கா நேரத்துக்கு சாப்புடுறாளா?

எனக்கு லேசா சின்னம்மை போட்டிருக்கு, பயப்படாத. ரெண்டு வாரம் முன்னாடி ஆஸ்பத்திரி வேலையா வீடு வீடா காய்ச்சல் கணக்கெடுக்க போனப்ப ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியிருந்துச்சு. "புள்ளைக்கு தலைக்கு தண்ணி ஊத்துற வரைக்கும் அம்மைன்னு எழுதாத கண்ணு, ஆத்தா கோச்சுக்கும்"னு அந்த வீட்டுக்காரம்மா கெஞ்சுச்சு. நானும் ஜல்தியா முடிக்கணும்னு 'பூட்டின வீடு'ன்னு எழுதிட்டு, அவங்க புள்ளைய மடியில வெச்சிக்கினு டீ குடிச்சேன். இப்ப அந்தத் தெருவுல ஒம்போது புள்ளைங்களுக்கு இருக்கு. எல்லாம் என்னாலதான்.

போன ஞாயித்துக்கிழமை கோலியனூர் வந்து அக்கா வயித்த தடவிக்கினு ஒக்காந்திருந்தேனே! மாசமா இருக்கறவங்களுக்கு இது ஆகாதாம். நான் போய் வந்த வீடுங்க பட்டியல கேட்டாங்க, அதுல கடைசியா நம்ம வீட்ட நானே எழுதிக் குடுத்துட்டேன்.

என் பழைய காட்டன் நைட்டிய குடுத்தனுப்பு, மத்த துணி பட்டாலே எரியுது. என்கூட ரூம்ல இருந்தவங்க எல்லாம் வேற எடம் போய்ட்டாங்க. அங்க வர்ற ஆஸ்பத்திரி ஜீப்பு நிக்குது, முடிக்கிறேன்.

இத கொண்டாந்த நர்ஸம்மா அக்காவ பாக்கணும். அக்கம்பக்கம் பேசுமேன்னு கதவ சாத்திடாதம்மா.

உன் மெர்லின்