சோற்று வரிசையில் யாரைக் காணோம்?

இன்று காலை தூத்துக்குடி பஸ் எட்டயபுரம் தாண்டியதும் நின்றுவிட்டது. செம்மறிக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அந்த வாடை வந்தது. ஆட்டு ரோமமும் புழுக்கையும் மழை நனைத்த கரிசல் மண்ணும் கலந்த அதே வாடை, ஆடு மேய்த்து வரும் உன் சட்டையில் எப்போதும் இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?" என்றார். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பல்வலி என்றேன்.

நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்று உன்னை விட யாருக்குத் தெரியும்? அந்த வேலை விளம்பரத்தைப் போனில் முதலில் பார்த்தவன் நான்தான். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். தனியாகப் போகப் பயந்து ஒரு வாரம் உன்னைக் கெஞ்சினேன். உனக்கு ஆடுகளை விட்டு வர மனசே இல்லை. கடைசியில், "சரிலே, நீ தனியா போனா ஏர்போர்ட்லயே அழுதுருவ. நானும் வாரேன்" என்று சிரித்தாய். எனக்குத் துணையாகத்தான் நீ வந்தாய் என்பதை உன் அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அதற்கும் பயம்தான்.

பாங்காக்கில் இறங்கியதும் வேனில் ஏற்றினார்கள். ஒரு பகல் முழுக்க ஓட்டி, ஆற்றங்கரையில் இறக்கிப் படகில் கடத்தினார்கள். மறுகரை வேறு நாடு என்பதே நம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது. முள்கம்பி வைத்த மதிலுக்குள் பெரிய கூடம், வரிசையாகக் கம்ப்யூட்டர். பெண் பெயரில் பேசிப் பழகி, எங்கேயோ இருக்கிற மனிதர்களை ஏமாற்ற வேண்டும். மாட்டேன் என்றால் கரண்ட் ஷாக் வைத்தார்கள். எனக்கு டேவிட் என்று பெயர் போட்டார்கள், உனக்கு லியோ. நேபாளம், கென்யா, வங்கதேசம் என்று பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது. சொன்னால் அடி விழும்.

உங்கள் வீட்டில் ஆடுகளை எண்ண மாட்டார்கள். உன் அப்பா உயிரோடு இருந்தவரை, சாயங்காலம் அடைக்கும்போது பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றின் முகத்தையும் பார்ப்பார். காதில் போட்ட வெட்டு, கொம்பின் வளைவு, நொண்டிக் கால். ஏன் எண்ணவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணுனா எத்தன கொறையுதுன்னுதாம்லே தெரியும். எது கொறையுதுன்னு எப்படித் தெரியும்?" என்றாய்.

அதையே அங்கேயும் செய்தாய். மத்தியானச் சோற்று வரிசையில் வேண்டுமென்றே கடைசியில் நிற்பாய். "கழுத்துத் தழும்பு வந்தாச்சு. வளைஞ்ச விரலு வந்தாச்சு. பல்லு இடைவெளிக்காரன் வந்தாச்சு" என்று முணுமுணுப்பாய். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரைக் காணோம்லே?" என்று கேட்பாய். நான் சரியாகச் சொல்லும்வரை தட்டை நீட்ட விடமாட்டாய். எனக்கு எரிச்சலாக வரும். "நம்ம ரெண்டு பேருல ஒருத்தன் வெளிய போனா, உள்ள யாரு யாரு கெடக்கான்னு சொல்லணும்ல" என்பாய்.

ஒருநாள் கண்காணிப்பாளன் மேசையில் வைத்துவிட்டுப் போன போனை எடுத்து, நாம் இருக்கும் இடத்தை உன் அம்மாவுக்கு அனுப்பினாய். மறுநாள் மத்தியானம் நான் வரிசையில் நின்றேன். தட்டை நீட்டினேன். சோறு வாங்கி உட்கார்ந்து பாதி சாப்பிட்ட பிறகுதான், என்னிடம் இன்று யாரும் கேள்வி கேட்கவில்லை என்று உறைத்தது. நீ இல்லாததைக் கவனிக்க அங்கே ஆளில்லை. 

எழுதப் படிக்கத் தெரியாத உன் அம்மா, நீ அனுப்பிய செய்தியோடு போனைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம். அங்கிருந்து அது சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், தூதரகத்துக்குப் போய், ஆற்றின் இரண்டு கரைப் போலீசும் பேசி முடித்து எங்களை வெளியே கொண்டுவரப் பல வாரம் ஆயிற்று. நாம் படகேறிய கரையில் ஒரு மண்டபத்தில் நாட்டுக்கொரு மேசை போட்டிருந்தார்கள். உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் டேவிட், ஆலிஸ், லியோ என்றே சொன்னார்கள். அந்தப் பெயர்களை வைத்து எந்த அதிகாரி யாரைத் தேடுவார்? எனக்கு வாய் குழறியது. ஆனாலும் உன் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மொழிபெயர்த்தவர் எழுதிக் கொடுத்த தாள் மேசை மேசையாகப் போயிற்று. வேறு ஒரு மதிலுக்குள் விற்கப்பட்டிருந்த நேபாளத்துப் பெண்ணை அந்தத் தாளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஊர் சேர்ந்ததும் அவள் போனில் முகம் காட்டினாள். பேச்சு புரியவில்லை. துப்பட்டாவை விலக்கிக் கழுத்துத் தழும்பைக் காட்டி அழுதாள்.

ஆற்றங்கரையில் ஒதுங்கிய ஓர் உடலைப் பற்றியும் அந்த மண்டபத்திலேயே கேட்டார்கள். உன் நண்பனுக்கு அங்க அடையாளம் என்ன என்றார்கள். எல்லோருடையதும் எனக்குத் தெரியும். உன்னுடையது தெரியவில்லை. நீ ஒருநாளும் உன்னைச் சேர்த்துச் சொன்னதில்லை. பிறகு கோவில்பட்டியில் உன் அம்மாவிடம் ரத்தம் எடுத்து அந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உடல் நீதான் என்று ரத்தம்தான் சொன்னது.

ஒரு வாரமாக எங்கள் தெரு முனை டீக்கடையில் ஒருவன் பைக்கைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். "சாட்சிக்குப் போறீங்களாமே அண்ணாச்சி. அம்மாவும் தங்கச்சியும் நல்லா இருக்காவளா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போகவேண்டாம் என்று நேற்றுவரை முடிவு செய்திருந்தேன். உன் அம்மாதான் வந்து, "நீ போகலன்னா வேற யாருக்குய்யா அந்த மொகமெல்லாம் தெரியும்?" என்றார்.

போனேன். கோர்ட்டில் வைத்திருந்த வீடியோ திரையில் அந்த நாட்டு நீதிபதி, இன்னொரு சதுரத்தில் அந்தக் கண்காணிப்பாளன். அவன் என்னையே பார்த்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடையாளமாகச் சொன்னேன். அன்று வரிசையில் யார் இல்லை என்று கேட்டார்கள். லியோ என்று சொல்லவில்லை. உன் பெயர், உன் அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சொன்னேன்.  இடையில் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

பொழுது சாய ஊர் திரும்பினேன். தெரு முனையில் என்னை அறியாமலே முகங்களைப் பார்த்தேன். டீக்கடைக்காரர் இருந்தார், வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். பைக்கில் வந்தவனைக் காணோம். ஒரு வாரமாக அங்கேயே கிடந்தவன் இன்று ஏன் இல்லை? எங்கே போயிருப்பான்? வீட்டுக்கு ஓடினேன். அம்மா இருந்தாள். தங்கை இருந்தாள். கதவைத் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

எழுதும்போதே உன் குரல் காதில் விழுகிறது. யாரைக் காணோம்லே?

உன் அம்மாவை இன்னும் பார்க்கவில்லை. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். போனை எடுக்கவில்லை.  தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன், செருப்பையும் மாட்டிவிட்டேன்.