கம்பி இல்லாத முகம்

பிப்ரவரி 9

கிடைத்துவிட்டது! காட்டுப்பூனை, நேருக்கு நேர். இரண்டு ஆள் தூரம்கூட இல்லை. ஓடைக்கரை நாணலுக்குள் விடியலிலிருந்து குப்புறப் படுத்துக் கிடந்தேன். வந்தது, தண்ணீர் குடித்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஒரே ஒரு படம். கேமரா சத்தம் கேட்டதும் மறைந்துவிட்டது. மீசையெல்லாம் தண்ணீர்த்துளி. கண்ணில் அப்படியொரு தெனாவட்டு.

விலங்குப் பூங்காவில் ஒவ்வொரு விலங்கின் முகத்தையும் அடையாளப் பதிவுக்காகப் படமெடுப்பதுதான் என் உத்தியோகம். லென்ஸைக் கூண்டுக் கம்பியோடு ஒட்டிவைத்தால் படத்தில் கம்பி மறைந்துவிடும். அந்த வித்தையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் கம்பி கம்பிதான். இன்று நடுவில் ஒன்றுமே இல்லை.

சேறும் சகதியுமாக வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "பூனை கிடைச்சுதா, இல்ல நீ ஓடையில விழுந்ததுதான் மிச்சமா?" என்றார். படத்தைக் காட்டினேன். கிண்டல் நின்றுபோனது.

பிப்ரவரி 10

எத்தனை தடவை அதைத் திறந்து பார்த்தேன் என்று யாரும் கேட்கக்கூடாது.

மார்ச் 3

போட்டிக்கு அனுப்பிவிட்டேன். சுதந்திர விலங்குகள் பிரிவு. ஒருநாளாவது கூண்டில் இருந்த விலங்குக்கு அதில் இடமில்லை. அக்கா போனில், "உனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சுடி" என்றாள். ஏறட்டுமே! இத்தனை வருஷம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான்.

மார்ச் 5

பூங்காவில் கூட்டம். அடிபட்டு வரும் காட்டுப்பூனைகளைக் குணமாக்கிக் காட்டில் விடுவதை நிறுத்தப்போகிறார்களாம். "விட்டதுல ஒண்ணாவது உயிரோட இருக்குன்னு யாராவது காட்டுங்க பாக்கலாம்" என்றார் மேலாளர். பூனைகளைப் பராமரிக்கும் பூனையண்ணனின் முகம் செத்துவிட்டது. அவருடைய கூண்டில் இரண்டு பூனைகள் வெளியே போகத் தயாராக நிற்கின்றன. "கூண்டுலயே கிழடாகணும்னு இதுங்க தலையில எழுதியிருக்குபோல" என்றார்.

மார்ச் 20

போட்டி நடுவர் போன் செய்தார். முதல் பரிசுக்கு என் படம்தான்! குதிக்கப்போனேன். "ஒரு விஷயம்மா. நீங்க பூங்காவுல வேலை பாக்குறீங்க. இவ்வளவு கிட்டக்க எடுத்திருக்கீங்க. இது அங்க இருக்குற பூனை இல்லையே?"

என்கிட்டயா இந்தக் கேள்வி? சேத்துல கெடந்தவ நானு! வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் போனை வைத்ததே பெரிய காரியம். எங்கள் பூனைகளின் முகங்களை வரிசையாக அனுப்பிவைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பூனையின் நெற்றிக்கோடு இன்னொன்றுக்கு இருக்காது.

மார்ச் 21

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

இப்போதிருக்கும் பூனைகளில் எதுவும் ஒத்துப்போகவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய படங்களையும் புரட்டினேன். நெற்றியில் இடது கோடு உடைந்து, மூக்கோரம் ஒரு கரும்புள்ளி — நொண்டி! கால் முறிந்து வந்து, குணமாகி, போன வருஷம் காட்டில் விடப்பட்ட நொண்டி. அன்று அந்த முகத்தை எடுத்தவளும் நான்தான். ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்கவேமாட்டேன் என்று பீற்றிக்கொள்பவள்! ஆனால் அன்று காதை மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கிய முகம் அது. இந்தத் தெனாவட்டு எங்கிருந்து வந்தது?

இப்போதிருக்கும் பூனைகளை மட்டும் அனுப்பினால் பரிசு என் கையில். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு அது வேணும். ரொம்ப வேணும். ஆனால் விட்டதில் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டால் பூனையண்ணனின் அந்த இரண்டும் கூண்டிலேயே கிடக்கும்.

இவரிடம் சொன்னேன். "உன் பூனை, நீயே முடிவு பண்ணு. ஆனா இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் வீட்டைச் சுத்தாத" என்றார்.

மார்ச் 22

நடுவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ பரிசு குடுக்க முடியாதேம்மா" என்று அவரே வருத்தப்பட்டார். "தெரியுங்க" என்றேன்.

நேராகப் பூனையண்ணனிடம் போய் இரண்டு படங்களையும் நீட்டினேன். மாறி மாறிப் பார்த்தார். "நொண்டியா? நம்ம நொண்டியா இது? எப்படிக் கொழுத்துப்போயிருக்கான் பாரும்மா!" சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான். பிறகு இருவருமாக மேலாளர் அறைக்குப் போனோம். கதவைத் தட்டக்கூட மறந்துவிட்டோம்.

ஏப்ரல் 2

முதல் பரிசு ஓர் ஆந்தைப் படத்துக்கு. நல்ல படம். என்னுடையது அதைவிட நல்ல படம்.

மே 14

இரண்டு பூனைகளையும் இன்று ஓடைக்கரையில் விட்டோம். பூனையண்ணன் பெட்டிகளின் கதவைத் தூக்கினார். நான் கேமராவோடு தயாராகப் படுத்திருந்தேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். இரண்டுமே திரும்பவில்லை. கிடைத்தது புல்லும், அதற்குள் கலங்கலாக ஒரு வாலும்தான்.

மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, முகமே விழலையே?" என்றார்.

"விழ வேண்டாம் சார்" என்றேன்.

எந்தப் பூனையின் வால் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டின் அடையாளப் பதிவிலும் கடைசிப் படமாக அதையே சேர்த்துவிட்டேன்.